மூன்று தாள் என்றுதான் நினைத்தேன்

பாக்தாத், கிஃபா தெரு
செவ்வாய்க்கிழமை

உடன்பிறக்காத என் சகோதரன் ஸப்ரிக்கு, பழைய கடைப் பங்காளி ஹாத்திம் எழுதுவது.

அஸ்ஸலாமு அலைக்கும். உன் ஊர் மால்மோவின் குளிர் உன்னிடமும் உன் வீட்டாரிடமும் கொஞ்சம் இரக்கம் காட்டட்டும். இங்கே நாங்கள் எல்லோரும் இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் ஆரம்பித்தேன், பேனா நின்றுவிட்டது. உன் அக்கா பத்ரிய்யா நன்றாக இருக்கிறாள். நீ அவளுடைய கண் ஆபரேஷனுக்காக என்னிடம் ஒப்படைத்துப் போன நாற்பது தாள், அதாவது நாலாயிரம் டாலர், என் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. இந்த இரண்டையும் முதலில் சொல்லிவிட்டேன், இனி நீ உட்கார்ந்து மீதியைப் படி.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். உன் வீட்டில் போனை எடுத்தால் குடும்பமே சுற்றி உட்கார்ந்து கேட்கும். தவிர, நான் பாதி சொல்வதற்குள் நீ குறுக்கே பேசுவாய், எனக்கு இருக்கிற கொஞ்சம் தைரியமும் போய்விடும். மருந்துக்கடை அபு கைஸின் மகள் வெள்ளிக்கிழமை உங்கள் ஊருக்குப் புறப்படுகிறாள். அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பிரித்துப் படிக்கிற பெண் இல்லை அவள்.

போன மாதம் நீ பேசியது ஞாபகம் இருக்கிறதா? அம்மான் நகரத்தில் அந்த ஆஸ்பத்திரி இரண்டு கண்ணுக்குமான நாலாயிரத்தை ஐயாயிரத்து ஐநூறாக ஏற்றிவிட்டது என்றாய். உன்னால் இதற்கு மேல் புரட்ட முடியாது என்றாய். சரி, இப்போதைக்கு ஒரு கண்ணை மட்டும் செய்துகொள்ளட்டும் என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்தாய். டாக்டர் இரண்டாவது கண் அடுத்த பணம் சேரும்வரை தாங்காது என்று சொன்னது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாம் இரண்டு பேரும் அதைப் பேசவில்லை. அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை ஸப்ரி. நம்மைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது அக்காவின் தையல் மிஷின். உன் ஃபீஸ் மட்டுமா, என் ஃபீஸையும் சேர்த்துத்தானே கட்டினாள்.

பக்கத்துக் கடை கர்ராரை உனக்குத் தெரியும். நீ இருந்தபோது மீசை முளைக்காதவன், இப்போது எனக்கே புத்தி சொல்கிறான். நாள் முழுக்கப் போனும் கையுமாக யூரோ வாங்குகிறான், விற்கிறான். நாம் இரண்டு பேரும் தெருவில் நின்று டாலர் விலையைத் தொண்டை கிழியக் கத்தி ஒரு வாரத்தில் சம்பாதித்ததை ஒரு மத்தியானத்தில் சம்பாதிக்கிறானாம். "அபு ஸுஹைர், உங்களுக்குக் காகிதம் எண்ணத்தான் தெரியும்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னான். எனக்குச் சுருக்கென்றது. முப்பது வருஷம் டாலர் விற்றவனிடம் இதைச் சொல்கிறான்.

கராதாவில் ஒரு மாடியில், அவன் வியாபாரம் செய்கிற அந்தக் கம்பெனி இருக்கிறது. கணக்குத் திறக்கக் குறைந்தது நாலாயிரம் கட்ட வேண்டும் என்றார்கள். என் கையில் ஆயிரத்து நூறு இருந்தது. இங்கேதான் என் புத்தி வேலை செய்த விதத்தை நீ பார்க்க வேண்டும். கட்டுவது என்றால் செலவழிப்பதா என்ன என்று கேட்டுக்கொண்டேன். என் பெட்டியில் இருப்பது அவர்கள் பெட்டியில் இருக்கப்போகிறது, அவ்வளவுதானே. அதில் மூன்றே மூன்று தாளை மட்டும் தொட்டுப் பார்ப்பேன். போனால் முந்நூறு டாலர், அதை என் கையிலிருந்து வைத்துவிடுவேன். வந்தால் அக்காவின் இரண்டாவது கண்ணுக்கு ஒரு ஆரம்பம். அமானிதத்தை, நம்பி ஒப்படைத்ததை, நான் தொடவில்லை, இடம்தான் மாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, பணக்கட்டைச் சுற்றிப் பத்ரிய்யா அக்கா தன் கையால் கட்டிய பச்சை நூலைக் கத்தரித்தேன். என்னைத் திட்டுவதாக இருந்தால் இங்கேயே நிறுத்தித் திட்டிவிட்டு அப்புறம் படி.

கர்ரார் என் போனில் எல்லாவற்றையும் ஏற்றிக் கொடுத்தான். வாங்க ஒரு பொத்தான், விற்க ஒரு பொத்தான், நடுவில் அளவு எழுத ஒரு கட்டம். எத்தனை லாட் என்று அதில் போட வேண்டும் என்றான். லாட் என்றால் என்ன என்று நான் கேட்கவே இல்லை. அவனிடமா கேட்பேன்? நம் தெருவில் விலை எதற்கு? ஒரு தாளுக்கு. தாள் இன்று ஒரு லட்சத்து நாற்பத்தெட்டாயிரம் தினார் என்றால் நூறு டாலரின் விலை அது. உலகம் முழுக்க அப்படித்தான் என்று நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் முடிவு செய்துவிட்டேன். அவர்கள் லாட் என்கிறார்கள், நாம் தாள் என்கிறோம், இதில் கேட்க என்ன இருக்கிறது?

விலையைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வேறு வந்தது. ஒரு யூரோ ஒன்று புள்ளி சைபர் எட்டு ஒன்று நாலு சைபர். புள்ளிக்குப் பிறகு ஐந்து இலக்கம்! கடைசி இலக்கம் சும்மா இருக்கவே இல்லை, பூச்சி மாதிரித் துடித்துக்கொண்டே இருந்தது. நம் தெருவில் விலை ஏறினால் தாளுக்கு இருநூற்று ஐம்பது தினார் ஏறும். அதற்குக் கீழே ஏற முடியாது, ஏனென்றால் அதற்குக் கீழே காசே கிடையாது. இவர்கள் தூசியை எண்ணி வியாபாரம் செய்கிறார்களே என்று நினைத்தேன்.

போன வியாழக்கிழமைக்கு முந்தைய வியாழக்கிழமை. கர்ரார் உறவுக்காரன் கல்யாணத்துக்கு ஹில்லாவுக்குப் போயிருந்தான். அவன் திரும்பும்போது நான் செய்து காட்டியிருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. அமெரிக்காவின் விலைவாசிக் கணக்கு மூன்றரை மணிக்கு வெளியாகும், அப்போது யூரோ ஏறும் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். மூன்றே காலுக்குக் கட்டத்தில் 3 என்று போட்டு, வாங்கு என்று அழுத்தினேன். மூன்று தாள். எவ்வளவு ஜாக்கிரதையான மனுஷன் பார்.

மூன்றரைக்கு விலை விழுந்தது. சிவப்பு எழுத்தில் ஒரு எண் வந்து, வளர்ந்து வளர்ந்து, கழித்தல் 2,040 என்று நின்றது. எண்ணுக்குப் பக்கத்தில் டாலர் என்றும் இல்லை, தினார் என்றும் இல்லை. நான் மூன்றால் வகுத்துப் பார்த்தேன். தாளுக்கு அறுநூற்று எண்பது தினார் இறக்கம். நம் கிஃபாவில் ஒரு மழை பெய்தாலே அவ்வளவு இறங்கும். வகுத்தால் கணக்கு அத்தனை பொருத்தமாக வந்தது ஸப்ரி, அதனால்தான் சந்தேகமே வரவில்லை. இரண்டாயிரம் தினாருக்கு என்ன வரும்? இஸ்திகான் என்கிற சின்னக் கிளாஸில் நாலு டீ வரும்.

அந்த நேரத்தில்தான் பத்ரிய்யா அக்கா வந்தாள். ஒவ்வொரு வியாழனும் வருவாள், உனக்குத் தெரியாது. சுவரைத் தடவிக்கொண்டே வந்து, என் ஸ்டூலில் உட்கார்ந்து, என் காசு நல்லாத் தூங்குதா என்று கேட்பாள். நான் குறட்டை விடுது அக்கா என்பேன். சிரித்துவிட்டு ஒரு நூமி பஸ்ரா, அந்த எலுமிச்சை டீ, குடித்துவிட்டுப் போவாள். அன்றும் அதையே கேட்டாள், நானும் அதையே சொன்னேன். என் கையில் என்ன சிவப்பாகத் தெரிகிறது என்றாள். சிவப்பு மட்டும் அவளுக்குக் கொஞ்சம் தெரிகிறது. ஒன்றுமில்லை அக்கா, சில்லறை, ரெண்டாயிரம் நட்டம் என்று சொல்லிப் போனை அவள் முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய்க் காட்டினேன். "ரெண்டாயிரமா? என்னை இங்கே கொண்டாந்து விட்ட டுக்டுக் ஆட்டோக்காரன் மூவாயிரம் வாங்கினான், கண்ணு" என்றாள். நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். நான் அவளுக்கு இன்னொரு கிளாஸ் ஊற்றினேன். சிவப்பு எண் என் முழங்கால் மேல் கிடந்தது.

அவள் போய்ப் பத்து நிமிஷத்தில் விலை திரும்பியது. நாலே காலுக்குப் பச்சையில் கூட்டல் 1,830 வந்தது. போதும் என்று விற்று முடித்தேன். பக்கத்தில் இருந்த ஏழு பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். சம்பாதித்ததைவிட டீக்கு அதிகம் ஆகிவிட்டது என்று சொல்லிச் சிரித்தேன். இந்த வேலையில் நம் வயிறு நிறையாது, பணத்தை எடுத்துக் கட்டிப் பழைய இடத்தில் வைத்துவிடுவோம் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். இதை நீ நம்ப வேண்டும்.

நேற்றுத் திங்கட்கிழமை கராதாவுக்குப் போனேன். காசாளர் ஒரு பெண், ரஃபல் என்று பெயர். சுறுசுறுப்பானவள். கையெழுத்து வாங்கிக்கொண்டு மிஷினில் எண்ணித் தள்ளினாள். நான் மிஷினை நம்புகிறவனா? நின்றே விரலால் எண்ணினேன். நாற்பது தாளும் மேலே ஒரே ஒரு டாலரும் எதிர்பார்த்தேன். ஐம்பத்தெட்டு தாள், மேலே முப்பது டாலர். மறுபடி எண்ணினேன். பதினெட்டைப் பிரித்து அவள் பக்கம் தள்ளினேன். மகளே, கூட வந்திருக்கு, சாயந்திரம் உன் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்றேன்.

அவள் கம்ப்யூட்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "கூட வரல ஹாஜி. ஆயிரத்து எண்ணூத்தி முப்பது டாலர் நீங்க சம்பாதிச்சது" என்றாள். அது தினார் என்று நான் சொன்னேன். தினாரே இங்கே கிடையாது என்றாள். மூன்று தாளுக்கு எப்படி அவ்வளவு வரும் என்று நான் சண்டைக்கே போனேன். வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள்.

"எந்த மூணு தாள்? ஒரு லாட்னா லட்சம் யூரோ. நீங்க மூணு போட்டிருக்கீங்க. மூணு லட்சம்."

நூறு இல்லையா என்று கேட்டேன். இருக்கிறதிலேயே சின்னதே ஆயிரம், அதற்குக்கூடப் புள்ளி வைத்து சைபர் ஒன்று என்று எழுத வேண்டும் என்றாள். என்னிடம் மூன்று லட்சம் ஏது என்றேன். மீதியைக் கம்பெனியே கடன் மாதிரி நம் பெயரில் போட்டுவைக்கிறதாம், நம் நாலாயிரம் அதற்கு ஈடாம். நல்ல பெண், பொறுமையாக ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டினாள். நான் தூசி என்று சிரித்தேனே அந்தக் கடைசி இலக்கம், அது ஒரு தடவை துடித்தால் எனக்கு மூன்று டாலர். அதற்கு முந்தைய இலக்கம் ஒரு படி நகர்ந்தால் முப்பது டாலர். நம் தெருவில் முப்பது டாலர் லாபம் பார்க்க நாம் எத்தனை பேரிடம் கத்துவோம் ஸப்ரி!

அப்புறம்தான் எனக்கு அந்தச் சிவப்பு எண் ஞாபகம் வந்தது. அப்போ அந்த ரெண்டாயிரத்து நாற்பது என்று ஆரம்பித்தேன். அதுவும் டாலர்தான் என்றாள். அந்த நிமிஷத்தில் உங்கள் கையில் மீதி ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுதான் இருந்தது, ஆயிரத்து அறுநூற்று இருபதுக்கு இறங்கியிருந்தால் கம்ப்யூட்டரே எல்லாவற்றையும் விற்று முடித்திருக்கும், இன்னும் பதினோரு படிதான் பாக்கி என்றாள். ஏதோ பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற மாதிரி சொன்னாள். நான் பணத்தை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் இறங்கினேன், பாதியில் உட்கார்ந்துவிட்டேன். இறங்கிப் போகிறவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒரு அம்மா தண்ணீர் பாட்டில் கொடுத்தாள். நட்டமாகிவிட்டதா என்று கேட்டாள். இல்லை, லாபம் என்றேன். அவள் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பாள்.

நான் பயந்திருந்தால்கூட இப்போது நிம்மதியாக இருந்திருப்பேன். பயப்படவே இல்லையே. நான் டீ அல்லவா ஊற்றிக்கொண்டிருந்தேன். அக்காவின் கண் பதினோரு படிக்கு மேலே தொங்கிக்கொண்டிருக்க, நான் அதையே அவளிடம் காட்டிச் சில்லறை என்றேன். நேற்றிலிருந்து இதைத் தவிர வேறு எதையும் என்னால் நினைக்க முடியவில்லை. என் மனைவி உம்மு ஸுஹைர் எனக்கு ஜுரமா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அவளிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பச்சை நூல் தேடி எடுத்து, ஐம்பத்தெட்டு தாளையும் முன்பு இருந்த மாதிரியே கட்டித் தந்தாள்.

ஐயாயிரத்து ஐநூறு ஆஸ்பத்திரிக்கு, மிச்சம் முந்நூற்று முப்பது விமானத்துக்கு. கணக்கு இவ்வளவு ஒழுங்காக அமைந்தது எனக்குச் சந்தோஷமாக இல்லை, கிலியாக இருக்கிறது. இந்த லாபம் யாருடையது, இதைத் தொடலாமா என்று எனக்குத் தெரியவில்லை. நீ சொல். அக்காவிடம் மட்டும் எதுவும் சொல்லாதே. மீதியை நீ அனுப்பினாய் என்று சொல்லிக்கொள்ளலாம். அடுத்த புதன்கிழமை அவளுக்கு விமானம், இரண்டு கண்ணும் ஆகிவிடும். நமக்குள்ளேயே இருக்கட்டும்.

வியாழக்கிழமை

கடிதத்தை ஒட்டாமல் வைத்திருந்தேன். நல்லதாகப் போயிற்று. மேலே கடைசியில் எழுதியதை அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்.

இன்று அக்கா வந்தாள். இந்தத் தடவை காசு தூங்குகிறதா என்று கேட்கவில்லை. புதன்கிழமை பயணம், அதனால் அதை வீட்டுக்கு எடுத்துப் போகிறேன் என்றாள். நான் பெட்டியைத் திறந்து பணக்கட்டை அவள் கையில் வைத்தேன். தம்பி மேலே கொஞ்சம் அனுப்பியிருக்கிறான் என்று, தயார் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன். அவள் முகம் மலர்ந்தது. கட்டைத் திருப்பினாள். கட்டைவிரலால் நூலைத் தடவினாள். போன விரல் திரும்பி வந்து அதே இடத்தில் நின்றது.

"இது என் முடிச்சு இல்லையே ஹாத்திம்" என்றாள்.

நாற்பது வருஷம் துணி தைத்த கை. நான் அதை மறந்துவிட்டேன். நூல் நிறத்தைப் பார்த்துப் பார்த்து எடுத்தோம் நானும் என் மனைவியும், நிறம் தெரியாதவளுக்காக. பொய் சொல்லத்தான் வாய் திறந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். கம்பெனியை, மூன்று தாளை, லட்சத்தை, பதினோரு படியை. லாபம் எவ்வளவு என்றும் சொன்னேன். அதை அவள் காதில் வாங்கின மாதிரியே தெரியவில்லை. அப்புறம் கேட்டாள்.

"அன்னிக்கு நான் உன் பக்கத்துல உக்காந்து டீ குடிச்சேனே. அப்போ சிவப்பாத் தெரிஞ்சது என் கண்ணா?"

ஆமாம் அக்கா என்றேன்.

நானும் சிரித்தேனே என்றாள். என்னைத் திட்டவில்லை. கட்டை என் மேஜை மேல் வைத்துவிட்டு, ஸப்ரி சொல்லாமல் இதைத் தொட மாட்டேன் என்று எழுந்தாள். கூட வந்து விடுகிறேன் என்று கையைப் பிடித்தேன். மெதுவாக விடுவித்துக்கொண்டாள். சுவரைத் தடவிக்கொண்டே போனாள். நம் கடை வாசலில் இருக்கிற அந்த உடைந்த படியில் நான் எப்போதும் அவளைத் தூக்கிவிடுவேன், இன்று அவளே தாண்டினாள்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், அதைச் சொல்லாமல் விட்டால் இவ்வளவு எழுதியும் பொய்தான். நேற்றுப் புதன்கிழமை நான் அந்தப் போனைத் திறந்து பார்த்தேன். விலையைத்தான், சும்மாத்தான். யூரோ இன்னும் ஏறியிருந்தது. அந்த மூன்று லாட்டும் இன்னும் கையில் இருந்திருந்தால் எவ்வளவு என்று என் புத்தி என்னைக் கேட்காமலே கணக்குப் போட்டுவிட்டது. போனை மனைவியிடம் கொடுத்து அதையெல்லாம் அழிக்கச் சொன்னேன். அழித்துவிட்டாள். என் கட்டைவிரல் மட்டும் இன்னும் அந்த இடத்தைத் தேடுகிறது.

ஸப்ரி, இதைப் படித்ததும் எனக்குப் போன் செய்யாதே. முதலில் அக்காவுக்குச் செய். என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள், திருடன் என்று சொல், நான் மறுக்க மாட்டேன். ஆனால் அந்தப் பணத்தை எடுத்துக்கொள், புதன்கிழமை விமானம் ஏறு என்று அவளிடம் சொல். லாபத்தைத் தொடக் கூடாது என்று நீ நினைத்தால் அதையும் சொல், கடையை விற்றாவது அந்தப் பதினெட்டு தாளை என் சொந்தப் பணமாக வைக்கிறேன். ஒரு கண்ணோடு மட்டும் அவளைத் திருப்பி அனுப்பிவிடாதே, என் மேல் இருக்கிற கோபத்தில்.

அவள் இரண்டு கண்ணோடும் திரும்பி வருவாள், இன்ஷா அல்லாஹ். வந்த பிறகு எனக்காக ஒன்று செய். எதையாவது என்னிடம் ஒப்படைக்கச் சொல். தாள் வேண்டாம், ஒரு இருநூற்று ஐம்பது தினார் போதும். அவள் கையாலேயே கட்டி, அவள் முடிச்சே போட்டுக் கொடுக்கட்டும். வாரா வாரம் வந்து, பெட்டியைத் திறக்கச் சொல்லி, தன் கண்ணாலேயே பார்த்துவிட்டுப் போகட்டும். அது வரும்வரை நான் கடையைத் திறக்கப்போவதில்லை.

அல்லாஹ் உன் வீட்டைக் காக்கட்டும். அக்கா உனக்கு என்ன பதில் சொன்னாள் என்று மட்டும் ஒரு வரி எழுது.

உன் நம்பிக்கையை வைத்திருந்த,
ஹாத்திம்
(அபு ஸுஹைர்)